பெட்டிக்குள் எது, வெளியே எது

அம்பேத்கர் என்கிற பெயரில் எத்தனை எழுத்து என்று எங்கள் காலனிப் பிள்ளைகளைக் கேட்டால் விரலை மடக்கி ஆறு என்று சொல்லிவிடும். அ, ம், பே, த், க, ர். கணினியைக் கேட்டால் பத்து என்கிறது. அது எண்ணத் தெரியாமல் சொல்லவில்லை. அது எண்ணுகிற விதம் வேறு. ‘ம்’ என்பதில் மகரம் தனி, புள்ளி தனி. ‘பே’ என்பதில் பகரம் தனி, கொம்பு தனி. இப்படி நான்கு குறிகள் கூடுதலாகச் சேர்ந்து பத்து.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எங்கள் இரவுப் பாடசாலையில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஒரு பக்கத்தில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று கணக்கெடுக்க ஒரு நிரல் எழுதினாள். நான் சொல்லிக் கொடுத்ததுதான். பைதான் மொழியில் ‘ரி’ என்று ஒரு நூலகம் இருக்கிறது. சொல்லெழுத்துகளை மட்டும் பிடித்துக் கொடு என்று அதற்கு ஒரு குறியீடு உண்டு. அந்தப் பிள்ளை முதலில் கொடுத்த சொல் அம்பேத்கர். திரையில் நான்கு துண்டுகள் வந்து விழுந்தன. அம. ப. த. கர.

‘‘இன்னாண்ணா இது, அண்ணல் பேர ஒடச்சி ஒடச்சிப் போட்டுக்குது?’’

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பதினைந்து வருஷமாக இதே மொழியில் நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். இங்கிலீஷ் எழுத்துகளோடு மட்டுமே வேலை பார்த்ததால் இது என் கண்ணில் பட்டதில்லை. ‘இந்தச் சொல் முழுக்க எழுத்துகளால் ஆனதா’ என்று கேட்கிற கட்டளையைப் போட்டுப் பார்த்தோம். இல்லை என்றது. ஆனால் அதே சொல்லை ஒரு மாறிக்குப் பெயராக வைக்கலாமா என்று கேட்டால் வைக்கலாம் என்கிறது. பேராக இருக்கலாம், எழுத்தாக இருக்கக் கூடாது!

‘‘வெளில வேற ஒரு லைப்ரரி இருக்குது, அத எறக்கிப் போட்டா சரியாயிடும்’’ என்றேன்.

‘‘எறக்குங்க.’’

‘‘இங்க நெட் இல்லியே.’’

‘‘அப்ப ஏண்ணா அத வெளில வச்சாங்க? உள்ளயே வச்சிருக்கலாமில்ல?’’

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. அதற்கான பதிலைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

*

கணினி தெரியாத தோழர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு நிரல்மொழி என்பது இலக்கணம் மட்டுமல்ல. தேதியைக் கணக்கிட, கோப்பைத் திறக்க, அட்டவணையைப் படிக்க, இன்னொரு கணினியோடு பேச என்று ஒவ்வொன்றுக்கும் யாரோ முன்பே எழுதி வைத்த நிரல்கள் உண்டு. அவற்றின் தொகுப்பைத்தான் லைப்ரரி, நூலகம் என்கிறோம். அந்த நூலகங்கள் இரண்டு வகை. மொழியை நிறுவும்போதே கூட வருகிறவை ஒரு வகை. வெளியே இணையத்தில் இருந்து, வேண்டும்போது நாம் போய் இறக்கிக் கொள்கிறவை இன்னொரு வகை. முதல் வகையைத்தான் ஸ்டாண்டர்டு லைப்ரரி என்பார்கள். நான் அதைப் பெட்டி என்றே சொல்கிறேன்.

பெட்டிக்குள் எதை வைப்பது என்பதில் ஒவ்வொரு மொழியும் ஒரு கொள்கை வைத்திருக்கிறது. ரஸ்ட் 2015இல் தன் முதல் பதிப்பைக் கொண்டுவந்தபோது பெட்டியை வேண்டுமென்றே சின்னதாக வைத்தது. குலுக்கல் எண் எடுக்கிற வசதிகூட வெளியேதான். கோ மொழி 2012இல் முதல் பதிப்பிலேயே இணைய சர்வர் நடத்துவதற்கான முழு வசதியையும் உள்ளே வைத்தது. ஜாவாஸ்கிரிப்ட் பெட்டி ரொம்ப காலம் வெறுமையாக இருந்தது. 2016 மார்ச்சில் என்ன நடந்தது தெரியுமா? ஒரு சொல்லுக்கு இடதுபுறம் இடைவெளி நிரப்பிக் கொடுக்கிற பதினொரு வரி நிரல் ஒன்று வெளியே இருந்தது. பெயர் லெஃப்ட்-பேட். எழுதியவர் ஒரு தகராறில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். உலகம் பூராவும் பெரிய பெரிய நிறுவனங்களின் வேலை அப்படியே நின்றுபோனது. பதினொரு வரிக்கு வெளியே கையேந்தி நின்றிருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்கே தெரிந்தது. அடுத்த வருஷம் அந்த வசதி மொழிக்குள்ளேயே வந்துவிட்டது.

பைதான் ஆரம்பத்திலிருந்தே பெரிய பெட்டிக் கட்சி. பொம்மை வாங்கினால் ‘பேட்டரி தனியாக வாங்கிக்கொள்ளவும்’ என்று போட்டிருக்கும் அல்லவா, அதற்கு எதிர்ச்சொல்லாக ‘பேட்டரியும் சேர்த்தே’ என்பதை முழக்கமாக வைத்துக்கொண்டது. 2000இலேயே பெப் 206 என்கிற முன்மொழிவில் அந்தச் சொல் வருகிறது. பெப் என்றால் பைதானில் ஒரு மாற்றம் வேண்டும் என்கிறவர்கள் காரணத்தோடு எழுதி வைக்கிற ஆவணம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நானும் சம்பளத்துக்காக அல்லாமல் முதல் தடவையாக இவற்றை உட்கார்ந்து படித்தேன்.

*

பெட்டி என்று நான் சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது. எங்கள் இரவுப் பாடசாலையில் நிஜமாகவே ஒரு பெட்டி இருந்தது. தகர டிரங்குப் பெட்டி. சித்தப்பா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தது.

ஊர்த்தெருவில் ஒரு கிளை நூலகம் உண்டு. எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை, அதுமாதிரி எத்தனையோ ஊர்களில் இருந்தது. ‘காலனிப் பசங்க கை படக் கூடாது’ என்று யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. ‘உறுப்பினர் அட்டைக்கு ஊர்ல யாராவது கையெழுத்துப் போடணும்’ என்பார்கள். யாரிடம் போய் நிற்பது? வாசலில் செருப்போடு சேர்ந்து நின்று தினத்தாளைப் பார்த்துவிட்டு வருவோம். அப்போதுதான் சித்தப்பா அந்தப் பெட்டியைக் காலி செய்து புத்தகம் வைத்தார். நாற்பது, அய்ம்பது புத்தகத்துக்கு மேல் கொள்ளாது. ஆகவே எதை வைப்பது என்பது பெரிய சண்டை. நாங்கள் பழைய வார இதழ்களைக் கொண்டுபோய்க் கொடுப்போம். தொடர்கதை இருக்கும். வாங்க மாட்டார்.

‘‘டீக்கடைல கெடைக்கிறதெல்லாம் பொட்டியில எதுக்குடா? இங்க விட்டா வேற எங்கியும் நமக்குக் கெடைக்காதத மட்டும் வை’’ என்பார். அம்பேத்கர் எழுத்துகளின் தமிழ்த் தொகுதிகள் சில, ஒரு தமிழ் அகராதி, கணக்குப் புத்தகங்கள், போட்டித் தேர்வுப் புத்தகம், சட்டம் சம்பந்தமான ஒரு சின்ன நூல், விண்ணப்பங்களின் மாதிரிகள். இவைதான் இருந்தன.

அவருக்கு இன்னொரு விதியும் உண்டு. ஒரு புத்தகம் உள்ளே போக வேண்டும் என்றால் அதற்கு ஒரு ஆள் பொறுப்பு. மாதம் ஒரு தடவை வெயிலில் வைத்து, பூச்சி பார்த்து, கிழிந்த பக்கம் ஒட்ட வேண்டும். ‘‘நீ பாத்துக்குவியா? மாட்டியா? அப்ப எடுத்துக்கிட்டுப் போ.’’ கரையான் வந்தால் ஒரு புத்தகத்தோடு நிற்காது, பெட்டி முழுக்கப் போய்விடும் என்பார்.

யாருக்கு வேறு வழியில்லை? யார் தூசி தட்டுவது? இந்த இரண்டு கேள்விகள்தான். பைதானின் பெப்புகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உலகத்தின் பல மூலைகளில் இருக்கிற நிரலாளர்கள் இருபது வருஷத்துக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொள்வதும் இதே இரண்டு கேள்விகளை வைத்துத்தான்.

*

முதல் கேள்விக்கு நல்ல சாட்சி பெப் 450. 2013இல் எழுதப்பட்டது. சராசரி, இடைநிலை மாதிரியான எளிய புள்ளியியல் கணக்குகளுக்கு ஒரு நூலகத்தைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்கிறது. வெளியே நம்பை என்கிற பெரிய நூலகம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள் அல்லவா? அதற்கு அந்த ஆவணம் சொல்கிற பதில்: பலருக்கு வெளியே இருந்து எதையும் நிறுவுவது கஷ்டம், சிலருக்கு முடியவே முடியாது, அலுவலகத்தில் அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கும், நான்கு எண்களுக்குச் சராசரி பார்க்க ஒருவன் அந்தப் பாடுபட வேண்டுமா? வழியில்லாதவனை மனதில் வைத்து எழுதப்பட்ட வாதம் அது. ஜெயித்தது. 2014இல் வந்த 3.4 பதிப்பில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் உள்ளே வந்தது.

அதே பதிப்பில்தான் பிப் என்கிற கருவியும் நிறுவும்போதே கூட வர ஆரம்பித்தது. வெளியே இருக்கிற நூலகங்களை இறக்கித் தருகிற கருவி. அதற்குப் பிறகு வாதம் மாறியது. ‘வாசலில் வண்டி நிற்கிறது, எதற்கு எல்லாவற்றையும் வீட்டுக்குள் வைக்க வேண்டும்?’ என்றார்கள். வண்டி நிற்பது நிஜம். ரோடு யாருக்கு இருக்கிறது என்பதைப் பேசியவர்கள் குறைவு.

நியாயமாகச் சொல்ல வேண்டும், வெளியே வைப்பதற்கும் காரணம் உண்டு. பெட்டிக்குள் போன எதுவும் உறைந்துபோய்விடும். மொழி வருஷத்துக்கு ஒரு தடவை அக்டோபரில்தான் புதிய பதிப்பு காண்கிறது. நூலகமும் அந்த வேகத்தில்தான் நகர முடியும். ஒரு தடவை உள்ளே வைத்ததன் உருவத்தை மாற்றினால் பல்லாயிரம் பேரின் நிரல் உடையும். ரிக்வெஸ்ட்ஸ் என்கிற நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்திலிருந்து எதையாவது எடுக்க பைதான்காரர்கள் எல்லோரும் கையாளுவது அதைத்தான். பைதானின் சொந்த ஆவணமே அதைப் பயன்படுத்தச் சொல்லிப் பரிந்துரைக்கிறது. ஆனாலும் 2015இல் பேசிப் பார்த்து, வெளியிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. பாதுகாப்பில் ஒரு ஓட்டை வந்தால் அன்றைக்கே அடைக்க வேண்டும், மொழியின் அடுத்த பதிப்புக்காகக் காத்திருக்க முடியாது என்பது காரணம். ‘ஒரு நூலகம் பெட்டிக்குள் போவது சாகப் போவதுதான்’ என்று நிரலாளர்களிடையே ஒரு கேலிப் பேச்சே உண்டு.

உள்ளே வந்தவையும் இருக்கின்றன. சிம்பிள்ஜேசன் வெளியே வளர்ந்து 2008இல் ஜேசன் என்ற பெயரில் உள்ளே வந்தது. சின்ன தரவுத்தளமான எஸ்க்யூலைட் 2006இல் வந்தது. பைதானின் கட்டுமானக் கோப்புகளே டாமல் என்ற வடிவத்தில் எழுதப்படுகின்றன. ஆனால் அதைப் படிக்கிற நூலகம் மட்டும் வெளியே இருந்தது. வெளியே இருப்பதை நிறுவுகிற கருவிக்கே வெளியே இருப்பது தேவை என்கிற சிக்கல். 2022இல் 3.11 பதிப்பில் அதை உள்ளே கொண்டுவந்தார்கள். தங்களுக்கே இடித்தபோது வேகமாக முடிவெடுக்க முடிகிறது.

நம் எழுத்துகளை உடைத்த ‘ரி’ கதை என்ன? யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்து என்ற வகையில் இல்லை, குறி என்ற வகையில் இருக்கின்றன. ‘ரி’ குறிகளைச் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்வதில்லை. பிரெஞ்சுக்காரரின் தலைக்குறி போட்ட எழுத்துக்குப் பெரும்பாலும் ஒரே எண்ணாக இடம் இருப்பதால் அது உடையாது. தமிழ், இந்தி, வங்காளம் உடையும். 2011இலேயே இதைக் குறையாகப் பதிவு செய்திருக்கிறார்கள். 2024இல் வந்த 3.13இலும் அம்பேத்கர் நான்கு துண்டுதான். வெளியே இருக்கிற ரெக்எக்ஸ் என்ற நூலகம் இதைச் சரியாகச் செய்கிறது. அதைப் பெட்டிக்குள் கொண்டுவருகிற பேச்சு 2008இல் தொடங்கியது. வரவில்லை. யாரும் தமிழ்மேல் வன்மம் கொண்டு செய்ததல்ல. முடிவெடுத்த மேசையில் இது இடிக்கிற ஆள் போதுமான அளவு இல்லை, அவ்வளவுதான். ஒதுக்குவதற்கு வன்மம் தேவையில்லை என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

*

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அது என்னையே அடித்த கேள்வி.

காலனியில் எங்களிடம் ஆறு பழைய கணினிகள். விண்டோஸ் 7. அதில் ஏறுகிற கடைசி பைதான் 3.8. இணையம் கிடையாது. பெட்டியில் என்ன வந்ததோ அதுதான் எங்களுக்கு உலகம். அதை வைத்துக்கொண்டே பிள்ளைகள் ஆமையை ஓட்டிக் கோலம் வரைந்தன. பெரிய பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். உதவித்தொகைப் பட்டியல். யாருக்குச் சாதிச் சான்றிதழ் வந்துவிட்டது, யாருக்கு வருமானச் சான்றிதழ் வரவில்லை, யார் வங்கிப் புத்தகம் இன்னும் தரவில்லை என்று ஒரு கணினியில் பதிந்து வைத்தால் மற்ற அய்ந்திலும் ஒயர் வழியாகப் பார்க்கலாம். எஸ்க்யூலைட்டில் சேமித்து, பைதானோடு வருகிற சின்ன சர்வரில் ஓட்டி, படிவத்தில் எழுதுவதைப் படிக்க சிஜிஐ என்ற நூலகம். ஒன்றைக்கூட வெளியிலிருந்து எடுக்கவில்லை. இரண்டு வருஷம் நன்றாக ஓடியது.

2025 ஜூனில் ஒரு நண்பர் புதுக் கணினி ஒன்று கொடுத்தார். நான்தான் அதில் 3.13ஐப் போட்டு, பட்டியலை அதற்கு மாற்றிவிட்டுச் சென்னைக்கு வண்டி ஏறினேன். ஓட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் இரவு போன் வந்தது. ‘‘அண்ணா, சிஜிஐன்னு ஒண்ணே இல்லேன்னுது.’’ கல்லூரிச் சேர்க்கை நேரம். பழைய கணினியையும் நான்தான் துடைத்து வைத்திருந்தேன். நான்கு நாள் பட்டியல் திறக்கவில்லை. சித்தப்பா காலத்துப் பழக்கத்தில் ஒரு நோட்டிலும் எழுதி வைத்திருந்ததால் தப்பித்தோம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரைக் கேட்டு எடுத்தார்கள்? படித்துப் பார்த்தேன். பெப் 594. 2019இல் கிறிஸ்டியன் ஹெய்ம்ஸ் முன்வைத்தது. செத்த பேட்டரிகளை எடுத்துவிடுவது என்று தலைப்பிலேயே சொல்கிறது. 2022இல் ஏற்கப்பட்டு, 3.13இல் 19 நூலகங்கள் வெளியே போயின. பழைய ஒலிக் கோப்புகளைப் படிப்பவை, டெல்நெட், யூனிக்ஸ் கடவுச்சொல் சம்பந்தமானவை. அதில் சிஜிஐயும் ஒன்று. காரணங்களைப் படிக்கப் படிக்கக் கோபம் இறங்கியது. பலவற்றுக்குப் பல வருஷமாகப் பொறுப்பாளரே இல்லை. குறை சொன்னால் கேட்க ஆளில்லை. சிலது பாதுகாப்புக்கே ஆபத்து. சித்தப்பா என்ன சொல்லுவார்? ‘‘யார்ரா பாத்துக்கறது? ஆளில்லையா? எடு.’’ அதையேதான் அவர்களும் சொன்னார்கள்.

திடீரென்று எடுக்கவும் இல்லை. 2022 அக்டோபரில் வந்த 3.11இலிருந்தே அந்த நூலகத்தைக் கூப்பிட்டால் ‘இது போகப் போகிறது’ என்று எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. ஆனால் 3.8இல் இருக்கிறவனுக்கு அந்த எச்சரிக்கை எப்படி வரும்? ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டது எங்க தாத்தன். எங்க தெருவுக்கு மட்டும் இந்தத் தண்டோரா வரவில்லை. வராத தெருவுக்குப் போய்ச் சொல்ல வேண்டிய ஆள் நான். நான் சொல்லவில்லை. அந்தத் தப்பை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

சரிசெய்ய ஒரு இரவு ஆனது. பெட்டியிலேயே இருக்கிற யூஆர்எல்லிப்பில் படிவத்தைப் பிரிக்க வழி இருக்கிறது. சின்ன சர்வர் அந்தப் பழைய முறையில் நிரலை ஓட்டுவதற்கும் நாள் குறித்துவிட்டார்கள் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். 3.15 பதிப்பிலிருந்து அது இருக்காது. ஆகவே அதையும் பிள்ளைகளோடு சேர்ந்து மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

*

முடிவெடுப்பது யார்?

2018 ஜூலை வரை கடைசிச் சொல் மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசமுடையது. அவர் விலகிய பிறகு, 2019லிருந்து அய்ந்து பேர் கொண்ட குழு. மொழியைப் பராமரிக்கிறவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. தூசி தட்டுகிறவர்களுக்கே பெட்டியின்மேல் அதிகாரம். இதைப் படித்தபோது ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன். கூட்டிப் பெருக்குகிறவனுக்கே முடிவெடுக்கும் உரிமை என்கிற சட்டத்தை இந்த நாட்டில் எந்தத் தெருவிலும் நான் பார்த்ததில்லை. இங்கே பெருக்குகிறவன் ஒருவன், முடிவு செய்கிறவன் ஒருவன். அந்த வகையில் இந்தச் சமூகத்தின் முறை நம் ஊர் முறையைவிட நியாயமானதுதான்.

ஆனால் சம்பளமில்லாமல் தூசி தட்ட யாரால் முடியும்? மாலையில் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் ஓய்வு இருக்கிறவனால். இங்கிலீஷில் தயங்காமல் வாதாட முடிகிறவனால். நல்ல கணினியும் அறுந்துபோகாத இணையமும் இருக்கிறவனால். ‘யார் வேண்டுமானாலும் வரலாம், கதவு திறந்திருக்கிறது’ என்கிறார்கள். நிஜம்தான், திறந்துதான் இருக்கிறது. 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் பொதுக் குளங்கள் எல்லோருக்கும் திறந்தவை என்று தீர்மானம் போட்டது. 1924இல் மகாத் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய்க் குடிக்கிறவரை அந்தத் தண்ணீர் காகிதத்தில்தான் இருந்தது. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே மண்டை உடைந்தது. இங்கே ஒரு நிரல் ஓடவில்லை. அந்த வித்தியாசத்தை மறந்து உவமை பேசுவது நம் தியாகத்தைக் கேவலப்படுத்துவது. ஆனால் ‘திறந்திருக்கிறது’ என்று எழுதி வைப்பது ஒன்று, நாம் நடந்துபோய்ச் சேர்வது இன்னொன்று என்கிற பாடம் இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

நடந்துபோனால் பலன் உண்டு என்பதற்கும் அதே பெப் 594இல் சாட்சி இருக்கிறது. வேவ் என்று ஒரு சின்ன நூலகம். ஒலிக் கோப்பு எழுத உதவும். அதை எடுப்பதா வைப்பதா என்று வந்தபோது, டேவிட் பீஸ்லி என்கிற ஆசிரியரின் அனுபவம் குறுக்கே வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது சுலபம், கணினியை விதவிதமாகச் சத்தம் போட வைப்பதில் அவர்களுக்கு அத்தனை உற்சாகம் என்பது அவர் சொன்னது. அந்தக் காரணத்தைக் குறிப்பிட்டே வேவை உள்ளே வைத்தார்கள். படிக்கிற பிள்ளைகளின் சந்தோஷம் ஒரு நூலகத்தைக் காப்பாற்றியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே ஒரு எண்ணமும் வந்தது. அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல ஒரு ஆள் அந்த மேசையில் இருந்தார். எங்கள் ஆறு கணினிகளைப் பற்றி, 3.8ஐப் பற்றி, நான்கு துண்டாக உடைகிற பெயரைப் பற்றிச் சொல்ல யார் இருந்தார்கள்? நான் இருந்திருக்கலாம். பதினைந்து வருஷம் இந்தப் பெட்டியிலிருந்து எடுத்துத் தின்றவன். ஒரு நாள் ஒரு வரி எழுதியதில்லை.

சொல்லப்போனால், நான் சின்னப் பெட்டிக் கட்சிக்காரனாக இருந்தேன். வேண்டியது எல்லாம் வெளியே இருக்கிறது, ஒரு கட்டளை போட்டால் வந்து விழுகிறது, பெட்டி எதற்கு என்று அலுவலகத்தில் பேசியிருக்கிறேன். ரோட்டு மேல் வீடு கட்டிக்கொண்ட பிறகு ரோடு இல்லாத தெரு மறந்துபோகிறது. நம்மில் படித்து வெளியே வந்த பலருக்கும் இது நடக்கிறது. யாரையும் குறை சொல்ல அல்ல, என்னைத்தான் சொல்கிறேன்.

*

அந்த இரவு அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வந்தேன் என்றேன். அடுத்த சனிக்கிழமை பென்டிரைவில் ரெக்எக்ஸை ஏற்றிக்கொண்டு போனேன். ஏறவில்லை. என் புதுக் கணினிக்கு ஏற்ற கோப்பைக் கொண்டுபோயிருந்தேன். அவர்களுடையது 32 பிட், 3.8. ‘இந்த இயந்திரத்துக்கு இது ஆகாது’ என்று வந்தது. பிள்ளைகள் சிரித்தன.

சிரித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பெட்டிக்குள் யூனிகோட்டேட்டா என்று ஒரு நூலகம் இருக்கிறது. ஒரு எழுத்தைக் கொடுத்தால் அது எந்த வகை என்று சொல்லும். குறி என்றால் அந்த வகையின் பெயர் ஒரு குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும். ‘‘அப்ப குறியா இருந்தா முன்னாடி இருக்கிறவனோட சேத்துடலாமில்ல?’’ என்றாள் அதே பெண். சேர்த்தோம். ஒன்பது வரி. அ, ம், பே, த், க, ர். ஆறு. வகுப்பே கைதட்டியது. ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டும் இன்னும் உடைகின்றன. அதைப் பையன் ஒருவன் எடுத்துக்கொண்டிருக்கிறான். இதே வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிற ஓபன்-தமிழ் என்ற நூலகம் வெளியே இருப்பதை அடுத்த வாரம் கொண்டுபோய்க் காட்டினேன். தாங்கள் எழுதியதை அதோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முன்னால் நடந்து போனவர்கள் இருக்கிறார்கள் என்பது தெரிந்ததில் அவர்களுக்குச் சந்தோஷம்.

ஆக, என் பதில் இதுதான். பெட்டி எல்லையற்றதல்ல. எல்லாவற்றையும் உள்ளே வை என்று கேட்பது நியாயமல்ல, தூசி தட்டுகிற கைகள் கொஞ்சம். ஆனால் எதை வைப்பது என்று தீர்மானிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, வெளியே போக முடியாதவன் யார் என்பது. ஒருவனுடைய மொழியின் எழுத்தை எழுத்தாக எண்ணுவது கூடுதல் வசதியல்ல, அடிப்படை. அது பெட்டிக்குள் இருக்க வேண்டும். அப்படிக் கேட்கிற நாம், அதைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் தர வேண்டும். கேட்பதோடு நின்றுவிட்டால் சித்தப்பா ஏற்க மாட்டார்.

கணினி படிக்கிற தம்பி தங்கைகள் நிறையப் பேர் இந்த இதழைப் படிக்கிறீர்கள். பட்டம் வாங்கி வேலைக்குப் போங்கள், நல்லது. கூடவே இந்தக் குறைப் பதிவுகளைப் படியுங்கள். உங்கள் ஊர்க் கணினியில் எது உடைகிறது என்று எழுதுங்கள். இங்கிலீஷ் தப்பாக இருந்தாலும் எழுதுங்கள். ஒரு நூலகத்தையாவது பொறுப்பெடுத்துத் தூசி தட்டுங்கள். அந்த மேசையில் நம் ஆள் உட்கார வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நானும் எழுத ஆரம்பித்திருக்கிறேன். நான் எழுதுகிற குறைப் பதிவில் உதாரணச் சொல் எது என்று சொல்லத் தேவையில்லை. ஆறு எழுத்து.